அரிப்பு வந்தால் கம்பையும் வரகையும் ஒதுக்க வேண்டுமா?

உடம்பில் அரிப்பும் தடிப்பும் கண்டுவிட்டால் நம் கிராமங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'என்ன சாப்பிட்டாய்?' என்பதுதான். அடுத்து வருவது, 'கரப்பான் பண்டத்தையெல்லாம் நிறுத்து' என்ற அறிவுரை. சித்த மருத்துவ மரபில் கரப்பான் பண்டங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. சோளம், கம்பு, வரகு ஆகிய தானியங்களும் அதில் இடம் பெறுகின்றன. கருவாடு, கத்தரிக்காய் ஆகியவற்றையும் பெரியவர்கள் இதனுடன் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

இப்போது சில தோல் மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும், அடிக்கடி தடிப்பு காணும் சிலருக்கு 'ஹிஸ்டமின் குறைந்த உணவு' உண்ணும்படி கூறுகின்றனர். இதைக் கேட்ட குடும்பத்தார், 'முன்னோர் சொன்னதையே டாக்டரும் சொல்லிவிட்டார்' என்று எண்ணி, கம்பு, சோளம், வரகு, கேழ்வரகு அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகின்றனர். மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, இடையில் பன், பிஸ்கட் என்று உணவு சுருங்கிவிடுகிறது. தம் நிலத்தில் விளைந்த தானியத்தை விற்றுவிட்டு, கடைப் பண்டத்தை வாங்கி உண்ணும் நிலை இது.

இப்படி முழுத் தானியங்களை ஒதுக்குவது தேவைதானா? ஹிஸ்டமின் என்ற கணக்கில் பார்த்தால், பெரும்பாலும் தேவையில்லை என்பதே விடை. தானியத்தைவிட, அதைப் பக்குவம் செய்யும் முறையும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் பண்டமுமே இங்கு முக்கியமானவை. அதன் விவரத்தைக் காண்போம்.

ஹிஸ்டமின் என்பது என்ன?

ஹிஸ்டமின் நம் உடம்பிலேயே உண்டாகும் ஒரு பொருள். தோல், மூக்கு, குடல் ஆகிய இடங்களிலுள்ள சிலவகை உயிரணுக்களில் இது சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வாமை ஏற்படும்போது இந்த உயிரணுக்கள் ஹிஸ்டமினை வெளியே கொட்டுகின்றன. உடனே அரிப்பு, தடிப்பு, தும்மல், மூக்கில் நீர் வடிதல் ஆகியவை தோன்றும். களத்தில் சோளம் அடிக்கும்போது தூசி பட்டுத் தும்முகிறோமே, அப்போது வேலை செய்வதும் இந்த ஹிஸ்டமின்தான்.

இதே பொருள் சில உணவுகள் வழியாக வெளியிலிருந்தும் உடம்பிற்குள் வரும். புரதத்தில் ஹிஸ்டிடின் என்றொரு பகுதி இருக்கிறது. சிலவகைப் பாக்டீரியாக்கள் இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அயிலை, சூரை, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் தனித்த நிலையில் ஏராளமாக உள்ளது. இம்மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காமல் வெயிலில் போட்டுவைத்தால் சில மணி நேரத்திலேயே ஹிஸ்டமின் பெருகிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதனால்தான் மீனில் ஹிஸ்டமின் 100 கிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரம்பு விதித்துள்ளது.

உணவில் வரும் சிறிதளவு ஹிஸ்டமினை நம் குடலிலுள்ள டயமின் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடுகிறது. ஆகவே பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இந்த நொதியின் செயல் குறைந்தவர்களுக்கு மட்டும், மற்றவர்களை ஒன்றும் செய்யாத அளவே முகச் சிவப்பு, அரிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைக் கொண்டுவரலாம். மதுவும் சிலவகை மருந்துகளும் இந்த நொதியின் வேலையைத் தடுக்கக்கூடியவை. நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்கள் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது.

தானியத்தில் ஹிஸ்டமின் உண்டா?

நன்கு காய்ந்த, பூசணம் பிடிக்காத தானியத்தில் ஹிஸ்டமின் மிகக் குறைவு. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, தானியத்திலுள்ள ஹிஸ்டிடின் மீனில் உள்ளதுபோல் தனித்து நிற்பதில்லை. பெரும்பகுதி புரதத்துடன் பிணைந்து கிடக்கிறது. இரண்டாவது, காய்ந்த தானியத்தில் பாக்டீரியா வளர்வதற்கு வேண்டிய ஈரம் இல்லை. எனவே அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை ஆகியவற்றை ஹிஸ்டமின் குறைந்த உணவுகளின் வரிசையிலேயே வைக்கலாம். தவிட்டுடன் உண்பதால் இக்கணக்கு மாறிவிடாது.

அப்படியானால் 'கம்பங்கூழ் குடித்தால் எனக்கு அரிக்கிறதே' என்று சிலர் சொல்வது பொய்யா? பொய் அல்ல. ஆனால் அந்தக் கூழ் எப்படித் தயாரானது, எதனுடன் குடிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். நம் வழக்கப்படி மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்க வைக்கிறோம். மறுநாள் நொய்யுடன் சேர்த்துக் காய்ச்சி, உருண்டை பிடித்து இரவு முழுவதும் நீரில் போட்டு வைக்கிறோம். அதன் பிறகே மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கிறோம். தொட்டுக்கொள்ளக் கருவாடும் மோர் மிளகாயும். ஆடி மாதக் கூழுக்குக் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு இல்லாத வீடு குறைவு.

இதில் கருவாடே முதல் சந்தேகத்திற்குரியது. மெதுவாக வெயிலில் உலரும் மீனில் ஹிஸ்டமின் மிகுதியாகச் சேர வாய்ப்புண்டு. கத்தரிக்காய், தக்காளி, பாலக் கீரை ஆகியவற்றிலும் மற்றக் காய்களைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ளது. நீண்ட நேரம் புளித்த பண்டம் எதுவாயினும் அதில் பாக்டீரியா வேலை செய்திருக்கும். கருவாட்டையும் கத்தரிக்காயையும் பற்றிப் பெரியவர்கள் செய்த எச்சரிக்கை இன்றைய ஆராய்ச்சியுடன் ஒத்துப்போகிறது. தானியத்தைப் பொறுத்தவரை அந்த ஒற்றுமை இல்லை. கூழும் கருவாடும் ஒரே வட்டிலில் வந்ததால், கருவாட்டின் பழி கம்பின் மேல் விழுந்திருக்கவும் கூடும்.

எல்லா அரிப்பும் உணவால் அல்ல

ஓர் எச்சரிக்கை. ஆறு வாரத்திற்கு மேல் வந்து வந்து போகும் தடிப்புகளில் பெரும்பாலானவற்றிற்கு உணவு காரணமாவதில்லை. கழுத்து, முகம், முன்கை போன்ற திறந்த இடங்களில் மட்டும் அரிப்பும் கருமையும் இருந்தால் வயலோரம் உள்ள பார்த்தீனியம் செடியைச் சந்தேகிக்க வேண்டும். விரல் இடுக்குகளில் இரவு நேரத்தில் அரிப்பு மிகுந்து, வீட்டில் பலருக்கும் அவ்வாறு இருந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். மருந்து தெளித்த அன்று மட்டும் அரிப்பு வந்தால் பூச்சிமருந்து காரணமாக இருக்கலாம். தானியம் புடைக்கும்போதும் மூட்டை அவிழ்க்கும்போதும் மட்டும் அரிப்பும் தும்மலும் வந்தால் அது தூசியும் அதிலுள்ள நுண்ணிய சிலந்திப் பூச்சிகளும் செய்யும் வேலை. அந்தத் தானியத்தைச் சமைத்து உண்பதால் அதே தொல்லை வரும் என்று கொள்ள வேண்டியதில்லை. களத்து வேலையின்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டை அணிந்து, வேலை முடிந்ததும் குளித்துவிடுதல் நலம்.

கோதுமையின் கதை தனி. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமை என்பது வேறு நோய், ஹிஸ்டமினால் வருவதன்று. இதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாகத் தெரியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட தானியத்தை எப்போது உண்டாலும் சில நிமிடங்களில் உதடு வீங்குகிறது என்றால் அது அந்தத் தானியத்திற்கே உரிய ஒவ்வாமை. அதை மருத்துவர் சொல்லும்வரை தொடக்கூடாது. உதடு, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை கண்டால் கை வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தானியத்தைப் பக்குவம் செய்யும் முறை

ஹிஸ்டமின் குறைந்த உணவு உண்ணும்படி மருத்துவர் கூறியவர்கள் முழுத் தானியங்களைக் கீழ்க்கண்டவாறு தயாரித்து உண்ணலாம்.

தானியத்தை நன்கு கழுவி 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைக்க வேண்டும். ஊறவைப்பதால் வேகும் நேரம் குறைகிறது. இரும்புச் சத்தையும் துத்தநாகச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்ற பொருளும் ஓரளவு குறைகிறது. வெயில் காலத்தில் இதற்கு மேல் ஊறவிட்டால் புளிக்கத் தொடங்கிவிடும்.

கேழ்வரகைக் களியாகவோ, அடையாகவோ, புட்டாகவோ, இடியாப்பமாகவோ செய்து சூடாக உண்ணலாம். கம்பையும் சோளத்தையும் இடித்துச் சோறாக்கலாம், ரொட்டி தட்டலாம். சாமை, தினை, வரகு ஆகியவற்றை அரிசிபோல் வடித்தோ, உப்புமாவாகவோ, பொங்கலாகவோ செய்யலாம். தோசை வேண்டுமென்றால், ஊறவைத்த தானியத்தை அரைத்தவுடன் புளிக்கவிடாமல் அடையாக வார்த்துக்கொள்ளலாம். கூழ் பழகியவர்கள் மாவைப் புளிக்கவைக்காமல் அன்றே காய்ச்சி, ஆறியதும் காய்ச்சிய பாலோ, தேங்காய்ப்பாலோ விட்டுக் குடிக்கலாம்.

சமைத்ததை அன்றைக்கே உண்டுவிட வேண்டும். பழைய சோறும் புளித்த கூழும் மற்றவர்களுக்கு நல்ல உணவே. வெயிலில் உழைப்பவர்களுக்குக் குளிர்ச்சியும் தெம்பும் தருபவை. அவற்றை வீட்டில் எல்லோருமே நிறுத்த வேண்டியதில்லை. தொல்லை உள்ளவர் மட்டும் சோதனைக் காலம் முடியும்வரை தவிர்த்தால் போதும்.

தொட்டுக்கொள்ள சுரை, பீர்க்கு, புடல், பூசணி, வெண்டை போன்ற காய்களை அன்றன்று சமைக்கலாம். கருவாடு, ஐஸில் வைக்காத மீன், நாட்பட்ட ஊறுகாய், மது ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். கத்தரி, தக்காளி, பாலக் ஆகியவற்றையும் சோதனைக் காலத்தில் நிறுத்தி வைக்கலாம்.

சோதனை செய்வது எப்படி?

ஹிஸ்டமின் ஒவ்வாமையை ஐயமின்றிக் காட்டும் ஒரே பரிசோதனை என்று எதுவும் இல்லை. உணவைக் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதே வழி. மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் மேற்கண்டவாறு உண்ண வேண்டும். பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதி, உண்டது, உண்ட நேரம், சமைத்த நேரம், அரிப்பு வந்த நேரம், அன்று செய்த வேலை ஆகிய ஆறையும் குறித்து வரவேண்டும். தெளிப்பு, களை பறிப்பு, கதிரடிப்பு போன்ற வேலைகளையும் எழுதினால்தான் உணவின் பங்கு எது, வயலின் பங்கு எது என்று பிரித்தறிய முடியும்.

தொல்லை குறைந்தால், நிறுத்தியவற்றை மூன்று நாட்களுக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம். முதலில் அன்றே செய்த களியுடன் கத்தரிக்காய், அடுத்துப் புளித்த கூழ் என்று தனித்தனியே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் உண்மை தெரியாது. புதிய உரத்தைச் சோதிக்கும்போது பக்கத்துப் பாத்தியில் அதைப் போடாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்ப்போமே, அதே முறைதான் இது. நான்கு வாரத்திலும் மாற்றம் ஏதும் இல்லையென்றால் ஹிஸ்டமின் காரணம் அல்ல என்று கொண்டு வழக்கமான உணவிற்குத் திரும்பிவிட வேண்டும். காரணமின்றி ஆண்டுக்கணக்கில் பத்தியம் காப்பது உடம்பை நலியச் செய்யும்.

களத்திலிருந்து கலம்வரை

தானியம் தன் இயல்பால் தீங்கு செய்வதில்லை, கெட்டுப்போனால் செய்யும். இதற்கு ஒரு பழைய வரலாறே உண்டு. 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பார்கர், டேல் என்ற இரு விஞ்ஞானிகள் ஹிஸ்டமினைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? ரை என்ற தானியக் கதிரைத் தாக்கும் எர்காட் பூசணத்திலிருந்துதான். டேல் பின்னர் வேறோர் ஆய்வுக்காக 1936இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே நம் கம்பில் தேன் ஒழுகல் நோயை உண்டாக்குகிறது. பூக்கும் பருவத்தில் மழையும் மேகமூட்டமும் இருந்தால் கதிரில் தேன்போன்ற துளிகள் வடியும். பின்னர் மணிக்குப் பதிலாகக் கரிய கட்டிகள் தோன்றும். இக்கட்டிகள் கலந்த கம்பை உண்டவர்களுக்கு வாந்தி, தலைசுற்றல், தூக்க மயக்கம் வந்த நிகழ்ச்சிகள் 1970களின் நடுவில் ராஜஸ்தானில் பதிவாகியுள்ளன. இதைச் செய்தது எர்காட்டிலுள்ள வேறு நச்சுப் பொருட்கள்.

விதைப்பதற்கு முன் 10 லிட்டர் நீரில் ஒரு கிலோ சமையல் உப்பைக் கரைத்து, கம்பு விதையை அதில் கொட்டி, மிதப்பவற்றை நீக்கிவிட வேண்டும். அடியில் தங்கிய விதையை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்தி விதைக்கலாம். உணவிற்கு வைத்த கம்பிலும் கரிய கட்டிகள் தென்பட்டால் இவ்வாறே மிதக்கவிட்டு நீக்கி, நன்கு கழுவி உலர்த்திய பிறகே அரைக்க வேண்டும். மிதந்தவற்றை ஆட்டுக்கும் கோழிக்கும் போடக்கூடாது. மருந்து கலந்து விதை நேர்த்தி செய்த விதையை எக்காரணம் கொண்டும் உணவிற்குப் பயன்படுத்தக்கூடாது.

வரகிலும் இதே கவனம் தேவை. அறுவடையின்போது மழையில் நனைந்த வரகில் பூசணம் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகுப் பயிரை மேய்ந்த 10 யானைகள் இறந்தன. இந்த நஞ்சே காரணமெனப் பரிசோதனையில் தெரியவந்தது. கதிர் முற்றியதும் காலம் கடத்தாமல் அறுத்து, மழைபடாமல் காத்து, உடனே உலர்த்துவதே இதற்கு வழி.

தானியத்தை ஈரப்பதம் 12 சதவீதத்திற்குக் கீழ் வரும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'கடுக்'கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பின்னரே மூட்டை பிடிக்க வேண்டும். பழைய கோணிகளை வெந்நீரில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும். பூசண வாடை வீசும் தானியத்தைக் கழுவி உண்ணலாம் என்று எண்ணக்கூடாது. பூசண நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் முழுதும் போகாது.

தவிட்டுடன் கூடிய தானியத்தில் எண்ணெய்ச் சத்து உண்டு. அரைத்து வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவு ஒரு வாரத்திலேயே கசக்கத் தொடங்கும். ஆகவே முழுத் தானியமாகச் சேமித்து, நான்கைந்து நாட்களுக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வது சிறந்தது. சொந்தத் தானியம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இது எளிது. பாக்கெட் மாவு வாங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை.

ஒதுக்கினால் இழப்பு என்ன?

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உள்ளது. நூறு கிராம் கம்பில் இரும்புச் சத்து 6 முதல் 8 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம் கூட இல்லை. நார்ச்சத்து கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராம் அளவுக்கு இருக்க, தீட்டிய அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேர் சோகையால் வாடும் நாட்டில், விசாரிக்காமல் கம்பையும் கேழ்வரகையும் அடுக்களையிலிருந்து வெளியேற்றுவது சிறிய செயல் அல்ல. குறிப்பாக, அரிப்பு வந்த தாய் ஒருவர் நிறுத்தினால், தனித்தனியே சமைக்க முடியாமல் பிள்ளைகளும் அந்தத் தானியத்தை இழக்கின்றனர்.

எனவே அரிப்பு கண்டவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துக் காரணத்தை அறிய வேண்டும். ஹிஸ்டமின்தான் காரணம் என்று ஐயப்பட்டால் கருவாட்டையும், புளித்ததையும், நாட்பட்டதையும் நிறுத்த வேண்டும். தானியத்தை நன்கு காயவைத்து, புதிதாக அரைத்து, அன்றே சமைத்துச் சூடாக உண்ண வேண்டும். கம்பும் வரகும் கேழ்வரகும் குறைந்த நீரில் நம் மானாவாரி நிலத்தில் விளைந்து நம்மைக் காத்து வந்தவை. நன்கு விசாரித்த பின்னரும் ஒரு தானியம் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால், அந்த ஒன்றை மட்டும் அவர் விட்டுவிடலாம். மற்றவை வழக்கம்போல் உலையில் ஏறட்டும்.